கண்டி நகரத் திட்டமும் மஹய்யாவ மக்களும்

கண்டி நகரின் மத்தியிலிருந்து கட்டுகஸ்தோட்டையை நோக்கி வடக்கே செல்லும் வழியில் மஹய்யாவ என்னும் பகுதி அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலை அதனூடாகவே போகிறது. 1880ஆம் ஆண்டில் கண்டியையும் மாத்தளையையும் இணைத்த புகையிரதப் பாதையும் அதனைத் தொட்டுச் செல்கிறது. நகரத்தின் பொது மயானம் அங்கு உள்ளது. மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் லயக் குடியிருப்பும் அங்குதான் உள்ளது. வீதியைக் கூட்டுவோரையும் உயிர் நீத்தோரையும் ஒரே திசைக்கு அனுப்பிவைத்த அக்காலத்து நிருவாகிகளின் மனப்போக்கு எத்தகையது என்பதை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

இத்தொழிலாளர்களின் முன்னோர் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தவர்களைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. நகரத்துத் தெருவுக்கு வந்தவர்களைப் பற்றி எழுந்தவை மிகச் சில. தோட்டத் தொழிலாளி மலைச் சரிவில் கண்காணாத தூரத்தில் இருந்தான். நகரத் தொழிலாளியோ நாள்தோறும் எல்லோர் வாசலிலும் நின்றான். அவ்வாறிருந்தும் அவன் கண்ணில் படவில்லை. கண்டி நகரைத் திருத்தியமைக்கும் திட்டங்கள் இரு நூற்றாண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துள்ளன. ஒவ்வொன்றிலும் எவருடைய சம்மதம் கேட்கப்பட்டது, எவருக்குத் திட்டப் படம் காட்டப்பட்டது என்று தேடிப் பார்த்தால், இத்தொழிலாளர்களின் வரலாறும் அந்தத் தேடலிலேயே அகப்படுகிறது.

முதற் பெருந் திட்டம் அரசனுடையது. 1798 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அரண்மனைக்கு முன்னால் இருந்த வயல் நிலத்தை வாவியாக மாற்றினான். தலதா மாளிகையை ஒட்டி எண்கோண மண்டபத்தை எழுப்பினான். தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி இவ்வேலைகளுக்குத் தலைவனாக இருந்தான். நேரான வீதிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நகரமைப்பும் அரசர் காலத்ததே. இன்றும் மலபார் வீதி என்று வழங்கும் தெரு, அரசனின் நாயக்க உறவினர்கள் குடியிருந்த தெருவாகும். தென்னாட்டிலிருந்து வந்த இவ்வுறவினர்களுக்கு அரண்மனைக்கு அருகிலேயே இடம் கிடைத்தது. அதே தென்னாட்டிலிருந்து பின்னாளில் வந்த தொழிலாளிக்கு மயானத்துக்கு அருகில் இடம் கிடைத்தது. ஊரும் மொழியும் ஒன்றாயினும், வந்த வழி வேறு.

வாவி வெட்டும் வேலை இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் நடந்தது. பெருந்தொகையான மக்கள் கிராமங்களிலிருந்து வரவழைக்கப்பட்டனர். கரையோரத்தை ஆண்ட ஆங்கிலேயருக்காகக் கண்டிச் செய்திகளைத் திரட்டிய ஜோன் டொயிலி 1810 முதல் எழுதிய நாட்குறிப்பு அக்காலத்து நிலையை அறிய உதவுகிறது. வேலையை எதிர்த்தவர்கள் வாவியின் அடித்தளத்திலேயே கழுவேற்றப்பட்டனர் என்றொரு கதையும் வழங்கி வருகிறது. அரசனைப் பழிப்பதில் ஆங்கிலேயருக்குப் பெருநன்மை இருந்தமையால், இக்கதையை எடைபோட்டே ஏற்க வேண்டும். ஆயினும் மக்கள் மனம் நொந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆட்சேபம் சொல்ல ஓர் இடமும் நாளும் முறையும் இல்லாத திட்டத்தில், மனக்குறை ஒன்றே எஞ்சி நிற்கும். 1815 பெப்ரவரியில் அரசன் சிறைப்பட்டான். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான். அவன் வெட்டிய வாவி கண்டியின் முகமாக நிலைத்துவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் திட்டம் என்று தனியாக ஒன்று வரையப்படவில்லை. வேலைகள் மட்டும் நடந்தன. 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதம் வந்தது. போகம்பரைக் குளம் தூர்க்கப்பட்டது. 1876இல் அங்கே பெருஞ்சிறைச்சாலை எழுந்தது. அரண்மனைக்கு அண்மையிலிருந்த பழைய காவற்படை மயானம் அதே பத்தாண்டில் மூடப்பட்டது; நகர எல்லைக்குள் பிணம் புதைத்தல் சுகாதாரத்துக்குத் தீங்கு எனக் கருதப்பட்டது.

இக்காலத்தில் ஒரு புதுமை நேர்ந்தது. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி கண்டிக்கு மாநகர சபை கிடைத்தது. நகரத்தவர் சிலர் கூடியிருந்து நகரத்தைப் பற்றிப் பேசலாம் என்ற நிலை அப்போது தோன்றியது. பேசுவதற்கு உரிமை பெற்றோர் சொத்துள்ளோர். தலைமை வகித்தவர் அரசாங்க அதிபர். அரசன் ஒருவனே தீர்மானித்த இடத்தில் இப்போது ஒரு மேசையும் அதைச் சுற்றிச் சில நாற்காலிகளும் இருந்தன. மேசை வைக்கப்பட்ட அறையைக் கூட்டித் துடைத்தவனுக்கு அங்கு நாற்காலி இல்லை.

அடுத்த பெரிய சட்டம் 1915இல் வந்தது. வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர், 19ஆம் இலக்கம். அதற்கு முந்திய ஆண்டில் கொழும்பில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நெருக்கமாகவும் இருட்டாகவும் கட்டப்பட்ட வீடுகளே நோயின் விளைநிலம் என்ற எண்ணம் அக்காலத்து மருத்துவரிடமும் அதிகாரிகளிடமும் வலுத்திருந்தது. இச்சட்டத்தின்படி வரைபடம் காட்டி அனுமதி பெறாமல் எவரும் வீடு கட்டலாகாது. கட்டடத்தின் பின்புறத் திறந்த வெளியில் 63½ பாகைக் கோணத்தில் கற்பனைக் கோடுகள் வரையப்படும். கட்டடத்தின் எப்பகுதியும் அக்கோடுகளைக் கடந்து உயரலாகாது. வெயிலும் காற்றும் உள்ளே வருவதற்கு அளவுகோல் வகுத்த சட்டம் இது. நகர நிருவாகம் இவ்வளவு நுட்பமாகச் சிந்திக்கத் தொடங்கியது பாராட்டத்தக்கதே. ஆனால் வரைபடம் கொண்டுவந்து அனுமதி கேட்பவன் நிலமுடையவன். ஒரே அறையில் ஒரு குடும்பம் என்ற கணக்கில் வரிசையாகக் கட்டப்பட்ட லயத்தில் வாழ்பவனிடம் வரைபடமும் இல்லை, நிலமும் இல்லை. அவனுக்கு எத்தனை பாகை வெளிச்சம் கிடைத்தது என்று கேட்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரை நினைவுகூர வேண்டும். தாவர நூலறிவில் தொடங்கி நகரமைப்புக் கலைக்கு வந்தவர் அவர். 1915இல் தம் நகரக் கண்காட்சியுடன் சென்னைக்கு வந்தார். சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றை நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகன்ற சாலை போடும் பொறியியலாளர் வழக்கத்தை அவர் கண்டித்தார். நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி ஏனையவற்றைக் காக்கும் சத்திரசிகிச்சையே நகரத்துக்கும் ஏற்றது என்றார். திட்டம் வரையுமுன் ஊரை அளந்தறிய வேண்டும்; அளந்தறிந்ததை ஊரார் கண்முன் வைக்க வேண்டும். இதுவே அவர் முறை. 1921இல் அவர் கொழும்பு நகருக்கும் ஓர் அறிக்கை தயாரித்தார்.

இந்தூர் சமஸ்தானத்தில் கெடிஸ் செய்த ஒரு காரியம் மஹய்யாவ வரலாற்றுக்கு மிக நெருங்கியது. அந்நகரிலும் கொள்ளைநோய் வாட்டியது. தீபாவளி ஊர்வலத்தைத் தம் பொறுப்பில் ஏற்ற அவர், அது வழக்கமான பாதையில் செல்லாது, எத்தெருவில் வீடுகள் நன்கு துப்புரவாக்கிச் செப்பனிடப்பட்டுள்ளனவோ அத்தெரு வழியாகவே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். மக்கள் போட்டியிட்டு வீதியைச் சுத்தம் செய்தனர். ஊர்வலத்தில் தோட்டிகளும் கூட்டுவோரும் புத்தாடை உடுத்து, மாலை சூடி, அலங்கரித்த வண்டிகளுடன் நடந்து சென்றனர். இந்தூர் பற்றிய அவருடைய பெரிய அறிக்கை 1918இல் வெளிவந்தது. ஒரு நகரத் திட்டத்தின் நடுவே துப்புரவுத் தொழிலாளியைக் கொண்டுவந்து நிறுத்திய செயல் அக்காலத்தில் அரிதினும் அரிது. ஒரு நாள் ஊர்வலந்தானே என்று சொல்வோரும் உளர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு; மறுநாட் காலையில் அவர்கள் கையில் மீண்டும் துடைப்பமே இருந்திருக்கும்.

இலங்கையில் நகரத் திட்டமிடலுக்கென்றே எழுந்த சட்டம் 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச் சட்டமாகும். அனுராதபுரத்தில் புனித நகரின் எச்சங்களைக் காப்பதற்காகக் கடைவீதியையும் குடியிருப்புகளையும் புதியதோர் இடத்துக்கு மாற்றும் பெருவேலையும் அக்காலத்திலேயே தொடங்கியது. நிலமும் கடையும் உடையோரின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. ஆகவே அவர்களோடு பேச்சு நடத்த முடிந்தது.

பதிவேட்டில் பெயர் இருத்தல் என்பது மஹய்யாவ மக்களுக்கு 1948க்குப் பின் பேரிடராக மாறியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவரைத் தேடி வேட்பாளர் வருவதில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானபோது அறிவித்தலை வாசிக்கும் வழியும் அடைபட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் நிலை 1974இல் முடிவு செய்யப்பட்டது. எந்த நாட்டில் இருப்போம் என்பதே தெரியாதிருக்கும் குடும்பம், எந்த வீதி அகலமாகும் என்று கேட்கப் போவதில்லை.

காணி சுவீகரிப்புச் சட்டம் 1950இல் வந்தது, 9ஆம் இலக்கம். அரசு ஒரு நிலத்தை எடுக்க எண்ணினால் அறிவித்தல் மூன்று மொழிகளிலும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட வேண்டும்; எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; நட்டஈடு கோரலாம். முறையான ஏற்பாடுதான். ஆயினும் அச்சட்டம் யாரை அக்கறையுடைய ஆள் என்று கொள்கிறது எனப் பார்க்க வேண்டும். உரிமையாளர், கூட்டுரிமையாளர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர் எனப் பலரை அது ஏற்கிறது. மாத வாடகைக்கு இருப்பவரை வெளிப்படையாகவே நீக்கிவிடுகிறது. ஓர் இடத்தில் 80 ஆண்டு வாழ்ந்திருந்தாலும், மாதக் கணக்கில் வாழ்ந்தவனுக்கு அங்கு அக்கறை இல்லை என்பதே சட்டத்தின் கருத்து. சொல்லில் இவ்வளவு கடுமை வேறெங்கும் காண்பதரிது.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. 1982இல் செய்யப்பட்ட திருத்தம் திட்டம் அங்கீகாரம் பெறும் படிகளை வகுத்தது. முதலில் ஒரு பகுதி அபிவிருத்திப் பிரதேசம் என வர்த்தமானியில் அறிவிக்கப்படும். பின்னர் நிலம், மக்கள், போக்குவரத்து முதலியவற்றை அளந்தறிந்து வரைவுத் திட்டம் தயாராகும். அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறித்த காலத்துக்குள் ஆட்சேபங்களை எழுதிக் கொடுக்கலாம். அவற்றை ஆராய்ந்த பின் திட்டம் அமைச்சரிடம் செல்லும். அவர் அங்கீகரித்தால் மீண்டும் வர்த்தமானியில் வெளியாகும். அதன்பின் அனுமதிப் பத்திரமின்றி அங்கே எவ்வித அபிவிருத்தி வேலையும் செய்யலாகாது. அனுமதி வழங்கும் அதிகாரத்தைப் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றமே அதிகார சபையின் சார்பில் செலுத்துகிறது.

கண்டிக்கு இத்துடன் இன்னொரு வேலியும் உண்டு. 1988இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம் புனித கண்டி நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது முதல் தலதா மாளிகையைச் சூழ்ந்த பழைய வீதிகளில் ஒரு சுவரின் உயரம் கூடப் பலருடைய கண்காணிப்புக்கு உட்பட்டது. மரபுரிமை என்ற சொல் வாவியையும் மாளிகையையும் பழைய வளவுகளையும் தழுவுகிறது. அந்த வீதிகளை விடியுமுன் கூட்டிவந்தவர்களின் லயத்தை எவரும் மரபுரிமை என்று சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, அதை யாரும் காக்க விரும்பார், அங்கு வாழ்வோர் எல்லோரினும் முதலாவதாக விரும்பார். அவர்கள் வேண்டுவது நல்ல வீடு. வேலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் அண்மையில், தம் பெயரில் உறுதியுள்ள வீடு.

2014ஆம் ஆண்டு கண்டிக்கு முக்கியமானது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் போகம்பரைச் சிறைச்சாலை மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நகர் நடுவே பெரிய நிலம் ஒன்று மீண்டும் திட்டக்காரர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் கண்டியையும் காலியையும் மேம்படுத்தும் கேந்திர நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்துக்கு உலக வங்கி 14 கோடி 70 இலட்சம் டொலர் கடன் வழங்க இணங்கியது. கடனுடன் சில நிபந்தனைகளும் வந்தன. அக்காலத்தில் நடைமுறையிலிருந்த அவ்வங்கியின் விதியின்படி, குடிபெயர்க்கப்படுவோரிடம் காணி உறுதி இல்லாவிடினும் அவர்களைக் கலந்தாலோசித்து உதவ வேண்டும்; திட்டத்தை அவர்களுக்கு விளங்கும் மொழியிலே தெரிவிக்க வேண்டும். இலங்கை அரசு தானே 2001இல் ஏற்றுக்கொண்ட குடிபெயர்ப்புக் கொள்கையும் உறுதியில்லாதோரை நீதியாக நடத்தவேண்டும் என்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் மூடிய கதவை இவை சற்றே திறந்தன. கொள்கை என்பது சட்டமன்று. கதவு எப்போது மீண்டும் சாத்தப்படும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. சட்டத்தில் உறுதியாக உள்ளதொன்று உண்டு: 1993ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி 100 குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாகக் குடிபெயர்க்கும் திட்டத்துக்குச் சுற்றாடல் அங்கீகாரம் வேண்டும். அதற்காகத் தாக்க மதிப்பீட்டறிக்கை தயாரிக்கப்பட்டால், அது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். 90 குடும்பம் வாழும் லயம் இந்தக் கணக்குக்குள் அடங்காது.

பிற நாடுகளில் குடியிருப்போர் திட்டத்தைத் தொடர்ந்து சென்று வென்ற வரலாறுகள் உண்டு. 1961இல் நியூயோர்க் மாநகரம் தன் மேற்குக் கிராமப் பகுதியைச் சேரி எனக் குறித்துப் புதுப்பிக்க முயன்றது. ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் எழுத்தாளரும் அயலவரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய், ஒவ்வோர் ஏட்டையும் கேட்டு வாசித்து, அடுத்த ஆண்டிலே அம்முயற்சியைக் கைவிடச் செய்தனர். அவர்களுக்கு வாக்கிருந்தது, எழுதும் கை இருந்தது, பத்திரிகைகள் செவிசாய்த்தன. எல்லாவற்றிலும் மேலாக, எதிர்த்ததற்காக மறுநாள் வேலை போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இல்லை.

மஹய்யாவ லயவாசியின் தனித்துன்பம் இங்கேதான் இருக்கிறது. திட்ட அனுமதி வழங்கும் மேசையில் இருப்பது மாநகர சபை. அவன் குடியிருக்கும் அறையின் உடைமையாளரும் மாநகர சபையே. அவனுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே சபைதான். தந்தை ஓய்வு பெற்றால் மகன் அதே வேலையில் சேர்ந்தாலன்றி அறை நிலைக்குமோ என்ற கவலை, வேலையோடு ஒட்டிய இத்தகைய குடியிருப்புகளிலெல்லாம் உண்டு. திட்டத்துக்கு ஆட்சேபம் எழுத விரும்பினால் அவன் தன் முதலாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நீதிபதிக்குமாக ஒரே கடிதம் எழுத வேண்டும். எந்தச் சட்டமும் அவனைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் தன் பெயரை எழுதும்போது அவன் கை தயங்குவது இயல்பே. தனியாள் தயங்கும் இடத்தில் சங்கம் முன்வரலாம்; தொழிற்சங்கமோ கோயிற் சபையோ பலர் பெயரில் ஒரே மனுவைக் கொடுக்கலாம். நகரத்திட்ட நூல்கள் பங்கேற்பு என்று அழகாகச் சொல்லும் பொருள், இம்மக்களிடையே கூட்டுக் கையெழுத்தாகவே உருவெடுக்க முடியும்.

காலம் சில தடைகளை அகற்றியுள்ளது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றிருந்தோருக்குப் பிரஜாவுரிமை அளித்தன. அதன் பயன் வாக்குச்சீட்டோடு முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பிரஜைகளுக்கு ஓர் உரிமையைத் தந்தது: பொது அதிகார சபை எதனிடமும் அதன் கையிலுள்ள ஏட்டைக் கேட்டுப் பெறலாம். பாட்டன் நாடற்றவனாக இருந்த அதே லயத்தில் பிறந்த பேரன் இப்போது பிரஜை. தன் அறை எந்த வரைபடத்தில், என்ன நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது என்று அவன் மாநகர சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறான் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா மறுப்பதா என்னும் முடிவை 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் அவனுக்கு அறிவிக்க வேண்டும்.